பயனாளியின் பெயர்

ரேகைப் பெட்டி மறுபடியும் சிவப்பாய் முழித்தது. சொர்ணத்தாய் கட்டைவிரலை எடுத்து முந்தானையில் துடைத்து, தலைமுடியில் ஒரு தேய் தேய்த்து, திரும்ப வைத்தாள். சிவப்பு. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதுவும் சிவப்பு. "கொஞ்சம் அழுத்தி வைங்கம்மா," என்றாள் மருந்துக்கடை ஜெபக்கனி, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். இன்னும் எப்படி அழுத்த? உள்ளே கையை விட்டுப் பெட்டியின் குடலையா உருவ முடியும்? பாவாடை கட்டின வயசிலேயே பீடித்தட்டை மடியில் வாங்கினவள். இலையைச் சுருட்டிச் சுருட்டி, நுனியை மடக்கி மடக்கி, விரலில் ஆண்டவன் போட்ட கோடெல்லாம் யார் யாரோ ஊதின புகையோடு போயாச்சு. அந்தக் கோடு இப்போது வேணுமாம், டெல்லிக்கு. அதைக் காட்டினால்தான் மாத்திரையாம். மாத்திரை என்னவோ வீட்டுக்காரருக்கு, ரேகை மட்டும் இவளுடையது. கேட்டால், மருந்து அட்டை குடும்பத் தலைவி பேரில்தான் கொடுப்போம், பெண்களுக்கு மரியாதை என்கிறார்கள். நல்ல மரியாதை! ஆலங்குளம் பஜாரில், பின்னால் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் உச்சுக்கொட்ட, பொம்பளையை நிறுத்திவைத்து விரலைத் தேய்க்கிற மரியாதை. முந்தாநாள் வந்தபோது சர்வர் இல்லை என்றார்கள். நேற்று வந்தபோது சர்வர் வந்திருந்தது, விரல் இல்லை என்றார்கள். நேற்று ராத்திரியோடு கையில் இருந்த கடைசி மாத்திரையும் போயாச்சு. இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வாயில் போட ஒன்றும் இல்லை, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அவர் நெஞ்சைப் பிளந்து உள்ளே வைத்திருப்பது இரும்பு வால்வு. மாத்திரை நின்றால் ரத்தம் அதில் கட்டிக்கொள்ளும், கட்டி எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாததைச் சொல்லி என்ன பிரயோசனம், அன்றையில் இருந்து இவளுக்கு நல்ல தூக்கம் போச்சு.

முன்னெல்லாம் இந்தக் கூத்து உண்டா? மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவாள், சன்னலில் சீட்டை நீட்டுவாள், உள்ளே இருந்து ஒரு கை மாத்திரையைத் தள்ளும். வரிசை உண்டு, வசவும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விரலைக் கேட்கவில்லை. அப்புறம்தான் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு, குளிர்ந்த தண்ணி பாட்டில் கொடுத்து, சட்டையை இன் பண்ணின ஒருத்தர் மைக்கில் பேசினார். இனிமேல் நாடு பூராவும் யாரும் மருந்துக்காக அலைய வேண்டாமாம். அரசாங்கமும் தனியார் கம்பெனியும் கைகோத்துக்கொண்டு உங்கள் தெருமுனைக் கடையிலேயே மருந்து தரப்போகிறதாம். பாதி அவர்கள், பாதி இவர்கள், நீங்கள் அட்டையை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்றார். இவளும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள், அந்தக் கையைத்தான் வெட்டணும். ரெண்டு பேரும் கோத்த கையைக் கோத்தபடியே வைத்துக்கொண்டிருந்தால் மாத்திரையை எடுத்துக் கொடுக்க எந்தக் கை இருக்கும்? கடையில் கேட்டால் கம்பெனியைக் கேளு. கம்பெனியில் கேட்டால் அரசாங்க உத்தரவு. பெரியாஸ்பத்திரியில் போய் நின்றால், அட்டை வாங்கினவங்களுக்கு இங்கே இப்போ மாத்திரை வர்றதில்லை, உங்க ஊர்க் கடைதான். காசுக்காவது கொடு தாயி என்று நேற்றே ஜெபக்கனியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "இந்த மாத்திரையை நம்ம ஊர்ல காசு குடுத்துக் கேக்க ஆளே இல்லம்மா. திட்டத்துக்கு வந்த ஸ்டாக்தான் இருக்கு. பில் ஏறாம ஒண்ணு எடுத்தாலும் என் கழுத்துக்குக் கத்தி," என்றாள் அவள். பொய் சொல்கிற பிள்ளை இல்லை. கண்ணாடி அலமாரிக்குள், கை எட்டுகிற தூரத்தில், அந்த நீலக்கோடு போட்ட டப்பா அடுக்கி இருக்கிறது. பார்த்துக்கொண்டே நிற்கலாம், அதற்கு மட்டும் ரேகை வேண்டாம்.

"அட்டைக்குக் குடுத்த மகன் போனுக்கு ஓ.டி.பி. நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்களேன்," என்றாள் ஜெபக்கனி. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வேலைக்குள் போகும்போது போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், வெளியே வர ராத்திரி ஆகும். "அப்ப ஒரே வழிதான் இருக்கு. ஹெல்ப்லைனுக்குப் போட்டு உங்க குரல்ல சொல்லணும். சொன்னா அவங்க அங்க இருந்தே ஓகே பண்ணுவாங்க." சொன்னால் போதுமா! இதை முந்தாநாளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, விரலாவது மிஞ்சியிருக்கும். வாயா இல்லை சொர்ணத்தாய்க்கு? பீடிக்கடையில் இலையைக் கழித்துவிட்டான் என்று கணக்கனை நாலு தெரு கேட்கப் பேசினவள். போடு என்றாள். ஜெபக்கனி கடைப் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடி மேசை மேல் வைத்தாள்.

"வணக்கம். உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. என் பெயர் தர்ஷனா. அட்டைதாரரின் பெயர்?" சொர்ணத்தாய். ஊர், தெரு, பிறந்த வருசம், எல்லாம் கடகடவென்று சொன்னாள். "பயனாளியின் பெயர்?"

"அப்படின்னா?"

"மருந்து சாப்பிடுபவரின் பெயர் அம்மா."

"எங்க வீட்டுக்காரரு."

"உறவைப் பிறகு கேட்பேன். முதலில் அவர் பெயர்."

"அதான் சொல்லுதேன்ல, எங்க வீட்டுல உள்ளவுக."

"பெயர் அம்மா."

"அட்டையில போட்டிருக்கே. உங்களுக்கு அங்க தெரியலையா?"

"தெரிகிறது அம்மா. நீங்கள் உங்கள் குரலில் சொல்ல வேண்டும்."

"தெரிஞ்ச பேரை எதுக்கு எங்கிட்ட கேக்க?" என்றாள் சொர்ணத்தாய், ஆனால் குரல் இறங்கிவிட்டது. ஜெபக்கனி புரிந்துகொண்டு, தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லக்கூடாது. சொன்னால் அழைப்பு செல்லாது," என்றது போன். திறந்த வாயை அவள் அப்படியே மூடினாள். போன் காத்திருந்தது. பஜாரில் ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. "பதில் கிடைக்கவில்லை, நன்றி," என்று அந்தப் பிள்ளை வைத்துவிட்டது. திரும்பப் போட்டால் பாட்டு. அழைப்பு வரிசையில் இருக்கிறதாம், காத்திருக்க வேண்டுமாம், வாசலிலும் வரிசை, வயருக்குள்ளும் வரிசை. ஜெபக்கனி அவளை ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்காரச் சொல்லி ஹெல்மெட்காரனுக்கு இருமல் டானிக்கை எடுக்கப் போனாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேரு. இத்தனை பேர் இத்தனை வேலையை விட்டுவிட்டு இதையா பிடித்துக்கொள்ள வேண்டும்? கல்யாணமான நாளில் இருந்து அந்தப் பேரை அவள் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் யாராவது இருந்தார்கள். ரேஷன் கடையில் நாத்தனார் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் மகனே சொன்னான், கோவிலில் பூசாரிக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் வாசலில் நின்று அந்தப் பேரை உரக்கக் கூப்பிட்டு, கூட வந்தது யாரு என்றாள், இவள் கையை மட்டும் தூக்கினாள். வாயால் மட்டுமா? மனசுக்குள்ளும் சொன்னதில்லை. நினைப்பு அந்தப் பக்கம் வரும், பக்கத்தில் வந்ததும் வளைந்து அவர், அவுக, இவனுக்கு அப்பா என்று வேறு பாதையில் போய்விடும். இப்போதும் அப்படித்தான் போகிறது. அந்தப் பேரின் முன்பாதியை வேறு எதற்கும்கூட அவள் வாயில் எடுப்பதில்லை. வாசல் பெருக்கிச் சேர்ந்தால் அது கூளம்தான், ஊரெல்லாம் என்ன பேர் சொன்னாலும் அவள் வீட்டில் கூளம். காலையில் கூளம் அள்ளுகிற பஞ்சாயத்து வண்டி மைக்கில் கூவிக்கொண்டு வந்தால் காதைப் பொத்துகிற மாதிரி இருக்கும், அவரானால் கட்டிலில் கிடந்து சிரிப்பார். பின்பாதியும் அப்படித்தான், எதிர்வீட்டு முத்துலட்சுமி அவளுக்கு வெறும் லட்சுமி. இந்தக் கதையை எல்லாம் தர்ஷனாவிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அதையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பெயர் அம்மா என்பாள். அந்தப் பிள்ளைக்குப் புருசன் இருந்தால் வாடா போடா என்றுதான் கூப்பிடும், அது அதன் வீட்டு வழக்கம், அதன் பாடு. நான் கேட்டேனா? என் வழக்கத்தை மட்டும் எதுக்குக் கண்ணாடி மேலே வைத்துப் பஜார் கேட்கப் போட்டு உடைக்கிறது?

தெக்குத்தெரு செல்லக்கிளி பேரைச் சொன்னாள். புருசனோடு சண்டை, தெருவில் நின்று அவன் பேரைச் சொல்லி, நீ விளங்குவியா என்று கேட்டாள். அந்த வாரமே பாம்பு கடித்து அவன் செத்தான். அவன் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வாழைத் தோப்புக்குள் இருட்டில் படுத்தான், பாம்பு கடிக்காமல் விசிறியா விடும் என்று சொர்ணத்தாயே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். பாம்பு வந்து செல்லக்கிளி பேசினதைக் கேட்டுதாக்கும் என்று சிரித்தும் இருக்கிறாள். ஆனால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் வாயை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அறிவு ஒரு பக்கம் பேசும், வயிறு ஒரு பக்கம் பேசும். வயிறு இப்போது சொல்கிறது: வேண்டாம் சொர்ணம், இன்றைக்கு மட்டும் வேண்டாம், மாத்திரை இல்லாத நாளில் பேரையும் சொன்னால் என்ன ஆகுமோ. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்தால் அவர் நெஞ்சுக்குள் அந்த இரும்பு டிக் டிக்கென்று அடிக்கிறது கேட்கும். முதலில் பயமாக இருந்தது, அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது. அரைத் தூக்கத்தில் அந்தச் சத்தத்தைத் தேடுவாள். ஒரு அடி தவறினதுபோல் இருந்தால் எழுந்து உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேரே குனிவாள். "என்னளா, உசுரு இருக்கான்னு பாக்கியா?" என்பார் கண்ணைத் திறக்காமல். மாத்திரை நின்றால் அந்த டிக்கிலா ரத்தம் கட்டும்? ரத்தம் கட்டினால் சத்தம் மாறுமா, நின்றே போகுமா? யாரிடம் கேட்க? ஹெல்ப்லைனிலா? பாட்டு ஒரு சுற்று முடிந்து திரும்ப முதலில் இருந்து தொடங்கியது. பாட்டுப் போட்டவனைக் கண்டால் அந்தப் புல்லாங்குழலை வாங்கி அடுப்பில் வைக்கலாம்.

மடியில் இருந்த அவள் போன் அடித்தது. அவர்தான். "இன்னுமா குடுக்கல?"

"பேரைச் சொல்லணுமாம்."

"யாரு பேரை?"

"உங்க பேரைத்தான், வேற யாரு பேரை?"

அவர் சிரித்தார், சிரித்தால் மூச்சு வாங்கும், வாங்கியது. "சொல்லித் தொலையேம்ளா. நீ சொன்னா என்ன, செத்தா போயிருவேன்?"

"வாயைக் கழுவுங்க," என்று கத்திவிட்டாள். ஹெல்மெட்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது? ஒரு பக்கம் டெல்லி, ஒரு பக்கம் கம்பெனி, நடுவில் இந்த மனுசனும் சேர்ந்துகொண்டு உயிரை எடுக்கிறார்.

"ஏளா," என்றார் அவர், சிரிப்பு இல்லாமல், "நெஞ்சு ஒரு மாதிரியா கனமா இருக்கு. ஒண்ணுமில்ல, வெயிலாத்தான் இருக்கும். நீ பதறாத." பதறாத என்று சொல்வதற்கா ஒரு மனுசன் போன் போடுவான்? போனை மடியில் வைத்துவிட்டாள். வெயிலாம். வெயில் போய் எவ்வளவு நேரமாச்சு, எதிர்க்கடையில் டியூப்லைட் போட்டுவிட்டார்கள். மாமியார் இருந்தால் இப்போது என்ன சொல்லுவாள்? அவளுக்குத் தலைப்பிள்ளை தங்கவில்லை, அடுத்ததும் தங்கவில்லை. மூணாவதாக இவர் பிறந்ததும், தொப்புள்கொடி காயும் முன்னே தூக்கிக்கொண்டு போய்த் தெருக் கூளத்தில் போட்டாள். அடுத்த தெருக்காரியை எடுக்கச் சொல்லி, ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து அவளிடம் இருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது, வீதியில் கிடந்தது என்று ஊருக்கும் எமனுக்கும் சேர்த்துச் சொல்லி அந்தப் பேரை வைத்தாள். எமன் வந்தால், சீ இதையா எடுக்க வந்தோம் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகட்டும் என்று. போனானே! தலைக்கு மேல் வெள்ளம் வந்த வருசம் போனான், மஞ்சக்காமாலையில் போனான், நெஞ்சைப் பிளந்த அன்றைக்கு ஆபரேசன் வாசல் மட்டும் வந்துவிட்டுப் போனான். நர்ஸ் அன்றைக்கு அந்தப் பேரை எவ்வளவு சத்தமாகச் சொன்னாள்! மாமியார் சாகிற மட்டும் அந்தப் பேரை நாள் பூராவும் தெருவில் நின்று கத்தினாள், சாப்பிட வாலே என்று. அவள் கத்தினதில் அவர் ஆயுசு குறையவில்லை. பேர் வைத்ததே கத்துவதற்குத்தான். ஒளித்து வைத்தால் எமனுக்கு எப்படித் தெரியும், இது அந்தப் பிள்ளை இல்லை என்று? சொர்ணத்தாய்க்கு எங்கேயோ கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, தன் மேலேயும் கொஞ்சம். இத்தனை வருசமாக நான் மட்டும் அதைச் சொல்லவில்லை. எல்லாரும் காவல் நின்றார்கள், நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். இது சரியா தப்பா என்று யாரிடமும் கேட்க நேரமில்லை. வயிறு இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"எம்மா, எடுத்துட்டாங்க," என்றாள் ஜெபக்கனி.

வேறு பிள்ளை, ஆனால் அதே வணக்கம், அதே பதிவு. பேர், ஊர், தெரு, வருசம். சொர்ணத்தாய் எழுந்து நின்றிருந்தாள், எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"பயனாளியின் பெயர்?"

அலமாரியில் நீலக்கோட்டு டப்பா. ஹெல்மெட்காரன் உச்சுக்கொட்டவில்லை, அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"குப்பமுத்து," என்றாள்.

காற்றாகத்தான் வந்தது. தன் வாய்க்குள் யாரோ அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"மன்னிக்கவும், தெளிவாகக் கேட்கவில்லை. மீண்டும் ஒருமுறை?"

மீண்டும் ஒருமுறையா? அடப் பாவிகளா! ஒரு வாழ்நாள் சேர்த்து வைத்திருந்ததை இறக்கி வைத்தால், கேட்கவில்லையாமே? "குப்பமுத்து!" என்று கத்தினாள். "கேக்குதா? குப்பமுத்து! வேணும்னா டெல்லிக்கும் சேத்துச் சொல்லுதேன், குப்பமுத்து!" பூக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். பஜாரே கேட்டிருக்கும், எமனும் கேட்டிருப்பான்.

"நன்றி அம்மா. உறவு?"

"புருசன்! வேற எவன் பேரை இந்தப் பாடு பட்டுச் சொல்லுவா ஒருத்தி?"

பெட்டி பச்சையாய் முழித்தது. ஜெபக்கனி நீலக்கோட்டு டப்பாவை எடுத்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத மூஞ்சியோடு பைக்குள் போட்டாள். சொர்ணத்தாய் அதற்குள் வீட்டுக்குப் போனைப் போட்டுவிட்டாள். மணி போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. சொன்னேன், எடுக்கவில்லை. அறிவு ஒன்றும் பேசவில்லை இப்போது, வயிறு ஒன்றுதான் பேசியது, அதுவும் கத்தியது: பார்த்தியா, பார்த்தியா. செல்லக்கிளி தெருவில் உட்கார்ந்து மண்ணை வாரி இறைத்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மணி நின்றது. திரும்பப் போட்டாள். கடைப் படியில் இறங்கி ஒரு காலும் ஏறி ஒரு காலுமாக நின்றாள்.

"என்னளா?" என்றார்.

"எடுக்க இவ்வளவு நேரமா?"

"கோழி அடையல. பிடிச்சு அடைச்சேன்."

"நெஞ்சு கனமா இருக்குன்னவரு கோழி பிடிக்கப் போனீராக்கும்? கோழி எங்க போனா என்ன, நரி தூக்கிட்டுப் போனா போகட்டும்! கட்டில்ல கிடங்க, எந்திரிக்கப்படாது, நான் வந்து பாக்கும்போது கட்டில்லதான் கிடக்கணும்!" திட்டத் திட்ட அழுகை வந்தது. அழுதபடியே திட்டினாள். போனை இறுக்கிக் காதில் வைத்து அந்த டிக் டிக் கேட்கிறதா என்று பார்த்தாள். பஸ் ஹாரன்தான் கேட்டது.

"சொல்லிட்டியாக்கும்?" என்றார் அவர் மெதுவாக.

"போனை வைங்க."

பையை வாங்கத் திரும்பினாள். "எம்மா," என்றாள் ஜெபக்கனி தயங்கி, "கோவிச்சுக்காதீங்க. இது இந்த மாசத்துக்குத்தான். உங்களுக்கு ரேகை விழாதுன்னு கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு. இனி மாசாமாசம் இப்படித்தான் போன்ல சொல்ல வேண்டியிருக்கும்."

"மாசாமாசமா?"

"ஆமாம்மா."

வாயில் வந்த வசவெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன, டெல்லிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று. மாசாமாசம். அடுத்த மாசம், அதற்கு அடுத்த மாசம், அடுத்த வருசம். இங்கே வந்து நின்று அந்தப் பேரைக் கத்த வேண்டும், கேட்கவில்லை என்பார்கள், திரும்பக் கத்த வேண்டும். கத்த வேண்டாத மாசம் என்று ஒன்று வந்தால் அவர்... சீ. பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சொல்லுதேன் தாயி," என்றாள். "சொல்ல வச்சிக்கிட்டே இருங்க."